ஒரே கோதுமை, இரண்டு ஈல்டு: லேப் மில்லை எதை வைத்து நம்புவது?

சேலம்_லேப்

எல்லோருக்கும் வணக்கம். சேலம் பக்கம் ஒரு ரோலர் மாவு மில்லில் லேப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் சரக்குதான் அதிகம். ரேக் (சரக்கு ரயில்) கிளம்பும் முன்பே வியாபாரி சாம்பிள் அனுப்பிவிடுவார். அதை அரைத்துப் பார்த்து, மைதா எவ்வளவு தேறும் (ஈல்டு), ஆஷ் (மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பல்) எவ்வளவில் நிற்கும் என்று சொல்வது என் வேலை. அதற்கு இருப்பது புஹ்லர் எம்எல்யூ 202 என்ற சின்ன லேப் மில். பழைய மெஷின்தான், ஆனால் ஓடுகிறது.

போன வாரம் கொள்முதல் பார்க்கும் சார் என்னிடம் சொல்லாமல் ஒரே லாட்டைப் பிரித்து இரண்டு நம்பர் போட்டுக் கொடுத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை அரைத்ததில் மாவு 69.2%. வெள்ளிக்கிழமை அரைத்ததில் 71.6%. "ஒரே கோதுமைக்கு ரெண்டு பதில் சொல்ற மெஷினை வெச்சு நான் எப்படிம்மா விலை பேசுறது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். 2.4 புள்ளி என்றால் ஒரு ரேக்குக்கு எவ்வளவு பணம் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு தடவையும் 2 கிலோ. ஈரம் 15.5%க்குக் கொண்டுவந்து 24 மணி நேரம் ஊற வைத்தோம். ஆஷ் 0.52, 0.53. எங்கே தேடத் தொடங்குவது?

ரோலர்மேஸ்திரி

அம்மணி, ரோலைத் தொடாதீங்க. எல்லோரும் முதலில் ஸ்பேனரை எடுத்துக் கொண்டு ரோல் இடைவெளியைத் திருகப் போவார்கள். அதற்கு அப்புறம் பழைய நிலை என்னவென்று யாருக்கும் தெரியாது.

முதலில் காகிதத்தில் தேடுங்கள். எனக்கு நாலு விஷயம் வேண்டும்.

இந்த 69.2, 71.6 எதன் மேல் கணக்குப் போட்டது? மெஷினில் கொட்டிய கோதுமை எடையின் மேலா, வெளியே வந்த மொத்தப் பொருளின் மேலா? எங்கள் காலத்தில் ஒரே மில்லில் ஷிப்டுக்கு ஒரு கணக்குப் போடுவார்கள். 1000 கிராம் போட்டு 700 கிராம் மாவு, மொத்தம் 975 கிராம் வெளியே வந்தது என்று வையுங்கள். கோதுமை மேல் கணக்குப் போட்டால் 70.0. வந்த பொருள் மேல் போட்டால் 71.8. மெஷின் ஒன்றுதான், மாவும் ஒன்றுதான், கணக்கு மட்டும் வேறு. உங்கள் லேபில் ஒரே ஆள்தான் கணக்குப் போட்டாரா என்று பாருங்கள்.

அடுத்தது, ஆறு மாவும் தனித்தனியாக எடை போட்டீர்களா? மணியை உடைக்கும் பிரேக் மூன்று, உடைந்ததை மாவாக்கும் ரிடக்ஷன் மூன்று. ஒன்றாகக் கொட்டிக் கலந்து எடை போட்டால் எந்தப் பாஸில் (ரோல் வழியாகப் போகும் சுற்றில்) கோளாறு என்று கடவுளாலும் சொல்ல முடியாது. கூடவே பெரிய தவிடும் சின்னத் தவிடும் எவ்வளவு?

அந்த இரண்டு நாளும் அறையில் என்ன சூடு, என்ன ஈரப்பதம்?

கடைசியாக, சாம்பிளுக்கு முன்னால் மெஷினைச் சூடேற்ற ஏதாவது கோதுமை ஓட்டினீர்களா? ரோல் குளிர்ந்திருக்கும்போது அரைக்கும் முதல் சாம்பிளின் எண்ணை நான் எப்போதும் தள்ளிவைப்பேன்.

கொள்முதல்_பார்வை

நானும் வாங்கும் பக்கம் இருப்பவன்தான். உண்மையைச் சொன்னால் லேப் மில் எண்ணை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஹெக்டோலிட்டர் எடை (நூறு லிட்டர் கோதுமை எத்தனை கிலோ என்பது), ஆயிரம் மணி எடை, என்ஐஆரில் (அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் கருவியில்) புரதம், ஈரம். பத்து நிமிடத்தில் முடிவு. ஒரு நாள் ஊற வைத்து, அரைத்து, ஆஷ் எரித்து, அதற்குள் சரக்கு வேறு மில்லுக்குப் போய்விடுகிறது. அப்படியும் இரண்டு புள்ளி ஆடுகிறது என்றால் எதற்கு இந்தப் பாடு?

கர்னால்_கதிர்

கோதுமை ரகப் பெருக்கத்தில் வேலை பார்க்கிறேன், ஊர் கர்னால். மேலே எழுதிய நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

ஹெக்டோலிட்டர் எடை மிக நல்ல அளவுதான். சுருங்கிய மணி, வற்றிய மணி உள்ள சரக்கை அது உடனே காட்டிக் கொடுக்கும். ஆனால் நன்றாக முற்றிய இரண்டு லாட்டை, இரண்டும் 78, 79 என்று நிற்கும்போது, எது அதிக மாவு தரும் என்று அதனால் பிரிக்க முடியாது. தவிடு எவ்வளவு சுத்தமாகப் பிரிகிறது, எண்டோஸ்பெர்ம் (மணிக்குள் மாவாகும் பகுதி) எப்படி உடைகிறது என்பதெல்லாம் மணியின் கடினத்தன்மை சம்பந்தப்பட்டது. அதைப் பெருமளவு தீர்மானிப்பது 5டி குரோமோசோமில் உள்ள பியூரோஇன்டோலின் மரபணுக்கள். டூரம் கோதுமைக்கு டி மரபுத்தொகுதியே கிடையாது, அதனால்தான் அது அவ்வளவு கடினம். ஒரே எடை, ஒரே புரதம் உள்ள இரண்டு ரகம் ரோலுக்குள் போனதும் வேறு வேறாக நடந்துகொள்ளும். என்ஐஆரை மாவு ஈல்டுக்குப் பழக்குவதாக இருந்தாலும் அதற்கு மூல எண் இதே லேப் மில்லிலிருந்துதான் வர வேண்டும். அந்த எண் ஆடினால் என்ஐஆரும் சேர்ந்து ஆடும்.

எங்களுக்குக் கிடைப்பது சின்னச் சாம்பிள். ஒரு செடி வரிசையிலிருந்து 100 கிராம்தான் இருக்கும். பிராபெண்டர் குவாட்ருமேட் ஜூனியரில் அரைக்கிறோம். நாலு ரோல், மூன்று இடைவெளி, எல்லாம் நிலையாகப் பொருத்தியது, திருக ஒன்றும் கிடையாது. அதனால் அதில் கிடைக்கும் ஈல்டை யாரும் மில் ஈல்டு என்று எடுத்துக்கொள்வதில்லை, எந்த வரிசை மேலே, எது கீழே என்று மட்டும் பார்க்கிறோம். உங்கள் வேலையிலும் அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். வியாபாரி அ சரக்கா, வியாபாரி ஆ சரக்கா என்பதுதானே கேள்வி?

சேலம்_லேப்

ஐயா கேட்டதைத் தேடி எடுத்தேன். கணக்கு இரண்டு நாளும் கோதுமை எடையின் மேல்தான், நான்தான் போட்டேன். ஆறு மாவையும் தனித்தனியாக எடுக்கும் பழக்கம் எங்கள் லேபில் இதுவரை இருந்ததில்லை, இனி எடுப்போம். தவிடு எழுதி வைத்திருக்கிறேன்.

செவ்வாய்: மாவு 69.2, இரண்டு தவிடும் சேர்த்து 26.9, மொத்தம் 96.1.

வெள்ளி: மாவு 71.6, தவிடு 27.2, மொத்தம் 98.8.

அறையில் ஏசி உண்டு, ஈரப்பதம் அளக்கும் கருவி இல்லை. சூடேற்ற ஒரு கிலோ ஓட்டுவோம்.

ரோலர்மேஸ்திரி

இப்போ விஷயம் தெரிந்துவிட்டது. அம்மணி, அந்த இரண்டு வரியை மறுபடியும் படியுங்கள். மாவைப் பார்க்காதீங்க, தவிட்டைப் பாருங்கள். 26.9, 27.2. தவிடு இரண்டு நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரோலும் சல்லடையும் மாவைத் தவிட்டிலிருந்து சரியாகப் பிரிக்கவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை தவிடு கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. ஆஷும் அப்படியே நிற்கிறது. அப்படியென்றால் அரைப்பு இரண்டு நாளும் ஒரே மாதிரி நடந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாவு கிடைத்திருக்கிறது, ஆனால் டப்பாவுக்கு வந்து சேரவில்லை.

வெள்ளிக்கிழமை 98.8 வந்ததே, மீதி 1.2 எங்கே என்றால் அதற்குப் பதில் இருக்கிறது. கோதுமை 15.5% ஈரத்தோடு உள்ளே போகிறது. 1000 கிராமில் உலர்ந்த பொருள் 845. உள்ளே காற்று இழுத்துக் கொண்டு ஓடும்போது ஈரம் போய், வெளியே வரும் பொருள் சராசரி 14.5%ல் இருந்தால், அதே 845 கிராம் உலர்ந்த பொருள் 988 கிராமாக நிற்கும். அதாவது 98.8. ஒரு புள்ளி ஈரம் போனதற்கே இவ்வளவு. அந்த நாள் கணக்கு நேர்.

செவ்வாய்க்கிழமை அதற்கும் மேலே 2.7% காணோம். 2 கிலோவுக்கு 54 கிராம். ஒரு கைப்பிடி மாவு. அது எங்கோ மெஷினுக்குள்தான் இருக்கிறது, இல்லையென்றால் காற்றுப் பைக்குள் போயிருக்கிறது.

எம்எல்யூவில் பொருள் ஒவ்வொரு பாஸுக்கும் காற்றில் ஏறிப் போகிறது. சைக்ளோனில் பொருள் கீழே விழ வேண்டும், காற்று மட்டும் பைக்குப் போக வேண்டும். சைக்ளோன் அடியில் காற்று கசிந்தால் நைஸ் மாவு கீழே இறங்காமல் காற்றோடு மேலே போகும். தவிடு கனம், அது போகாது. அதனால்தான் தவிடு குறையாமல் மாவு மட்டும் குறைகிறது. காற்று வடிகட்டும் பையைக் கழற்றி, உதறி, எடை போட்டு மாட்டுங்கள். ஒரு சாம்பிள் ஓட்டிவிட்டு மறுபடியும் எடை போடுங்கள்.

இன்னொன்று. மொத்தப் பொருள் மேல் கணக்குப் போட்டால் செவ்வாய் 72.0, வெள்ளி 72.5. வித்தியாசம் 0.5க்கு இறங்கிவிடும். "அப்போ அப்படியே கணக்குப் போட்டுடலாமே" என்று உங்கள் சார் சொல்லுவார். கணக்கு அழகாகும், ஆனால் ஓட்டை அப்படியே இருக்கும். இரண்டு கணக்கும் எழுதுங்கள். மொத்தம் 98க்குக் கீழே போனால் அந்த அரைப்பை ரிப்போர்ட்டில் ஏற்றாதீங்க. காரணம் தேடிவிட்டு மறுபடி அரையுங்கள்.

மாவுமாணவன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், மில்லிங் படிக்கிறேன். டெம்பரிங் (அரைக்கும் முன் கோதுமையை நனைத்து ஊற வைப்பது) தண்ணீர் கணக்கு: 1000 கிராம் கோதுமை 10.5%ல் இருக்கிறது, 15.5% வேண்டும். வித்தியாசம் 5%, ஆகவே 50 மில்லி. இது சரிதானே? பயிற்சிக்குப் போன இடத்தில் அப்படித்தான் ஊற்றினார்கள்.

ரோலர்மேஸ்திரி

இல்லை தம்பி. தண்ணீர் ஊற்றினால் மொத்த எடையும் கூடுகிறது. 50 ஊற்றினால் 1050 கிராமில் 155 கிராம் தண்ணீர், அது 14.8%தான். 100லிருந்து இப்போதுள்ள ஈரத்தைக் கழி, 100லிருந்து வேண்டிய ஈரத்தைக் கழி, முதலாவதை இரண்டாவதால் வகு, ஒன்றைக் கழி, கோதுமை எடையால் பெருக்கு. 89.5ஐ 84.5ஆல் வகுத்தால் 1.0592. ஆக 59 மில்லி. 9 மில்லி வித்தியாசம் சின்னதாகத் தெரியும், முக்கால் புள்ளி ஈரம் அது. முக்கால் புள்ளிக்குத் தவிடு வேறு மாதிரி உடையும். வறண்ட கோதுமைக்குப் பிழை அதிகம், ஈரமான கோதுமைக்குக் குறைவு. அதனால் எல்லாச் சாம்பிளிலும் ஒரே அளவு தப்பாகவும் இருக்காது, வரிசையே மாறிப் போகும்.

கர்னால்_கதிர்

அதோடு அந்த 10.5 என்பது எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். கையில் பிடிக்கும் மீட்டரா, என்ஐஆரா, அடுப்பா? மீட்டர் அரைப் புள்ளி தள்ளிக் காட்டினால் சூத்திரம் எவ்வளவு சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. 130 டிகிரி அடுப்பு முறைதான் மூலம். மீட்டரை அதோடு அவ்வப்போது ஒத்துப் பாருங்கள். 13%க்கு மேல் ஈரம் உள்ள கோதுமையை நேரே பொடித்து அடுப்பில் வைத்தால் பொடிக்கும்போதே ஈரம் போய்விடும். அதனால் முதலில் முழு மணியாகவே காய வைத்து, அப்புறம் பொடித்து இரண்டாம் தடவை காய வைக்கும் இரண்டு கட்ட முறை இருக்கிறது.

டெம்பரிங் முடிந்த கோதுமையின் ஈரத்தையும் அளந்து எழுதுங்கள். 15.5 குறி வைத்தோம் என்று மட்டும் எழுதினால் போதாது, எவ்வளவு வந்தது என்பதும் வேண்டும். சாடி முக்கால் நிறைந்திருந்தால் உள்ளே புரளாது, மேல் மணி நனையும், அடி மணி நனையாது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், ஊற்றியவுடன் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை உருட்டி, மூடி இறுக்கி வையுங்கள்.

ஷோபான் சிடி1 மில்லில் அரைத்து ஆல்வியோகிராஃப் (பிசைந்த மாவைக் குமிழாக ஊதி வலிமை பார்க்கும் சோதனை) பார்ப்பவர்களுக்கு ஐஎஸ்ஓ 27971 இருக்கிறது. அந்தத் தரநிலைக்குள்ளேயே கோதுமையை 16%க்கு நனைப்பதிலிருந்து அரைப்பது வரை முழு முறையும் எழுதப்பட்டிருக்கிறது. மாவுச் சோதனைக்கான தரநிலையில் அரைப்பையும் சேர்த்ததற்குக் காரணமே இதுதான். அரைப்பு ஒருவருக்கு ஒருவர் மாறினால் அதற்கு அப்புறம் வரும் எல்லா எண்ணும் மாறும்.

கிழக்குக்கரை

இலங்கையிலிருந்து எழுதுகிறேன், கடலோரத்தில் ஒரு மாவு ஆலையின் ஆய்வுகூடத்தில் வேலை. இங்கே கோதுமை விளைவதில்லை, எல்லாம் கப்பலில் வருவது. ஆகவே ஒவ்வொரு கப்பலும் எங்களுக்குப் புதுக் கோதுமை மாதிரித்தான்.

ஈரப்பதம் அளக்கும் கருவி இல்லை என்று தங்கச்சி எழுதியதைப் பார்த்ததும் இதை எழுதவேணும் என்று தோன்றியது. காற்றுப் பை ஓட்டையை அடைத்த பிறகும் உங்களுக்கு ஆட்டம் நிற்கப் போவதில்லை, அறையைக் கட்டுப்படுத்தும் வரைக்கும்.

எங்களிடம் மாரி காலத்தில் காற்று கனத்துப் போகும். மாவு சல்லடையில் ஒட்டும், கண் அடைபடும். மாவாக விழ வேண்டியது விழாமல் தவிட்டோடு போய்விடும். ஈல்டு குறையும். சேலத்தில் சித்திரை, வைகாசியில் ஏசியும் போட்டால் காற்று மிகவும் வறண்டு போகும். மெஷினுக்குள் போகும் காற்று தவிட்டின் ஈரத்தை உறிஞ்சும். தவிடு தாளாக உரியாமல் நொறுங்கிப் பொடியாகும். அந்தப் பொடி சல்லடைக்குள்ளால் மாவோடு விழும். அப்போது ஈல்டு கூடும்! பார்க்கிறவர் நல்ல கோதுமை என்று நினைப்பார்.

அதனால்தான் ஆஷ் இல்லாத ஈல்டை நாங்கள் அறிக்கையில் போடுவதேயில்லை. ஒரு கணக்குச் சொல்கிறேன். சுத்தமான மாவு 0.45 ஆஷ், தவிடு 6 என்று எடுங்கள். மாவில் நூற்றுக்கு ஒரு பங்கு தவிட்டுப் பொடி கலந்தால் ஆஷ் 0.51க்கு அருகே போய்விடும். ஈல்டு ஒரு புள்ளி கூடி ஆஷும் இவ்வளவு கூடினால் அது கோதுமையின் நன்மை இல்லை, தவிடுதான் மாவுக்குள் வந்திருக்கிறது. ஈல்டு கூடி, ஆஷ் அப்படியே நின்றால் மட்டும் சந்தோஷப்படலாம்.

கனடாவின் தானிய ஆணைக்குழு ஆய்வகத்தில் அரைக்கும் அறையையே 21 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்கிறார்கள். எங்களால் அவ்வளவு முடியாது. அறையைச் சின்னதாக மறித்து, ஈரப்பதன் கூட்டும் கருவியும் குறைக்கும் கருவியும் வைத்து, ஒரு பதிவுக் கருவி பாவிக்கிறோம். எல்லை தாண்டிய நாளில் அரைப்பதில்லை. மெஷினுக்குப் பெரிய திருத்தம் செய்வதற்கு முதல் இதைச் செய்யுங்கோ.

கொள்முதல்_பார்வை

இந்த ஆஷ் விளக்கம் எனக்குப் புதிது. ஈல்டு கூடினால் நல்லது என்று மட்டும்தான் பார்த்துக் கொண்டிருந்தோம். ஆஷ் எண்ணை எந்த அளவு நம்பலாம்?

ரோலர்மேஸ்திரி

எடை போடும் கையைப் பொறுத்தது. 3 கிராம் மாவு எரித்தால் 0.50 ஆஷுக்குக் கிண்ணத்தில் மிஞ்சுவது 15 மில்லிகிராம். நீங்கள் 0.52க்கும் 0.53க்கும் பார்க்கும் வித்தியாசம் 0.3 மில்லிகிராம். கிண்ணம் டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில்) முழுசாக ஆறாமல் எடை போட்டாலே அது போய்விடும். அதனால் 0.01க்குச் சண்டை போடக் கூடாது.

எந்த ஈரத்தின் மேல் என்று எழுதாத ஆஷ் எண்ணையும் ஏற்காதீங்க. 14% ஈரத்தில் 0.52 என்றால் உலர்ந்த அடிப்படையில் 0.60. உணவுப் பாதுகாப்பு விதியில் மைதாவுக்கு 1.0%க்கு மேல் கூடாது என்று இருப்பது உலர்ந்த அடிப்படையில். வியாபாரி ஒன்று சொல்வார், நாம் ஒன்று நினைத்துக் கொள்வோம்.

எண்ணும்_எழுத்தும்

நான் மில் ஆள் இல்லை, வேறொரு தொழிற்சாலையில் புள்ளியியல் பார்க்கிறேன். இந்த இழையைப் படித்தபோது ஒன்று தோன்றியது. லேப் மில்லை எல்லோரும் சின்ன மில்லாகவே பேசுகிறீர்கள். அதை ஒரு தராசாகப் பாருங்கள். தராசை வாங்கியதும் முதலில் என்ன கேட்போம்? ஒரே கல்லைப் பத்துத் தடவை வைத்தால் எவ்வளவு ஆடுகிறது என்று. சேலம் தோழியின் மெஷினுக்கு அந்தப் பதில் இதுவரை இல்லை. அது இல்லாமல் 2.4 பெரிதா சின்னதா என்று யாராலும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது: ஒரே லாட்டில் ஐம்பது, நூறு கிலோ கோதுமை எடுத்து, நன்றாகச் சுத்தம் செய்து, கலந்து, குளிர்ந்த இடத்தில் காற்றுப் புகாமல் வையுங்கள். இதுதான் செக் கோதுமை. அரைக்கும் ஒவ்வொரு நாளும் மற்றச் சாம்பிளோடு அதையும் அரையுங்கள், எங்கே வருகிறது என்று முன்கூட்டி நிர்ணயிக்காமல் சீட்டுக் குலுக்கி வரிசை போடுங்கள். இருபது நாள் எண் சேர்ந்ததும் சராசரியும், எண்கள் அதைச் சுற்றி எவ்வளவு ஆடுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கமும் கிடைக்கும்.

திட்ட விலக்கம் 0.5 வந்தது என்று வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரே தடவை அரைத்த இரண்டு சாம்பிளுக்கு நடுவில் 2.8 மடங்கு, அதாவது 1.4 புள்ளி வரை வித்தியாசம் வந்தால் அது வெறும் ஆட்டமாக இருக்கலாம். அதற்கு மேல் போனால்தான் கோதுமை வேறு என்று சொல்லத் தைரியம் வரும். ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டு தடவை அரைத்துச் சராசரி எடுத்தால் அந்த 1.4 சுமார் 1.0க்கு இறங்கும். ஆனால் இரண்டு தடவையையும் அடுத்தடுத்து அரைத்தால் பலன் இல்லை. அதே ரோல் சூடு, அதே காற்று, அதே ஆள். இரண்டு எண்ணும் ஒத்துப் போகும், நாளைக்கு வரும் எண்ணோடு ஒத்துப் போகாது. வேறு நாளில் அரையுங்கள்.

கர்னால்_கதிர்

இதை அப்படியே ஆமோதிக்கிறேன். எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது: ஒரு சோதனைத் திடலின் சாம்பிள் முழுக்க ஒரே நாளில், அடுத்த திடல் அடுத்த நாளில். வசதிதான், ஆனால் திடலுக்கும் நாளுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றோடொன்று கலந்துவிடும், அப்புறம் பிரிக்க வழியே இல்லை. நீங்களும் ஒரே வியாபாரியின் சாம்பிளை எல்லாம் ஒரே நாளில் அரைக்காதீர்கள்.

கிழக்குக்கரை

செக் கோதுமை நாங்களும் அரைக்கிறோம். அன்றைக்குச் செக் ஒரு புள்ளி குறைவாக வந்தால் அன்றைய எல்லாச் சாம்பிளுக்கும் ஒரு புள்ளி கூட்டிவிடுகிறோம். இது நல்ல முறை என்றுதான் நினைக்கிறேன்.

எண்ணும்_எழுத்தும்

அண்ணை, இதில் எனக்கு உடன்பாடு இல்லை. செக் எண்ணும் ஒரே ஒரு அரைப்பு, அதிலும் ஆட்டம் இருக்கிறது. சாம்பிளின் ஆட்டத்தோடு செக்கின் ஆட்டத்தையும் சேர்த்துக் கூட்டுகிறீர்கள். மெஷின் உண்மையில் நகராத நாளில் இப்படித் திருத்தினால் பிழை குறையாது, ஒன்றரை மடங்குக்குக் கிட்டே கூடும். வரைபடத்தில் புள்ளி வையுங்கள். இரண்டு திட்ட விலக்கத்துக்கு வெளியே ஒரு புள்ளி போனால் கவனியுங்கள். மூன்றுக்கு வெளியே போனால் அன்றைய அரைப்பை நிறுத்துங்கள். தொடர்ந்து ஏழு புள்ளி ஒரே பக்கம் விழுந்தால் மெஷின் நகர்ந்திருக்கிறது, காரணம் தேடுங்கள். எண்ணைத் திருத்த வேண்டாம், மெஷினைத் திருத்துங்கள்.

கிழக்குக்கரை

ஒரே நாளுக்குள் அரைத்தவைகளை ஒப்பிடும்போது கூட்டிக் கழிப்பதால் ஒன்றும் மாறாதுதான், எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதானே. நாள் மாறும்போதுதான் நீங்கள் சொல்வது வருகிறது. எங்கட பழைய பதிவுகளை எடுத்து, திருத்தாமலும் திருத்தியும் செக் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கிறேன். மாரிக்கும் கோடைக்கும் உள்ள நகர்வு எங்களிடம் நிச்சயமாக உண்டு, அதை மட்டும் பருவத்துக்கு ஒரு தடவை திருத்துவது சரிவருமோ?

எண்ணும்_எழுத்தும்

பல நாள் சராசரி வைத்து நகர்வை உறுதிப்படுத்திவிட்டுத் திருத்தினால் சரி. ஒரு நாள் எண்ணை வைத்து வேண்டாம்.

பன்_அடுப்பு

பேக்கரி நடத்துகிறேன். ஈல்டு, ஆஷ் பேசுகிறீர்கள், எனக்கு வேண்டியது தண்ணீர் எவ்வளவு பிடிக்கும் என்பது. மில் லேபில் 61% என்று எழுதிக் கொடுப்பார்கள், மூட்டை வந்து பிசைந்தால் வேறு மாதிரி இருக்கிறது. இதுவும் இந்தச் சிக்கல்தானா?

ரோலர்மேஸ்திரி

சம்பந்தம் இருக்கு. வழவழ ரோலில் அழுத்தம் கூடினால் ஸ்டார்ச் மணி சிதையும். சிதைந்த ஸ்டார்ச் தண்ணீர் நிறையக் குடிக்கும். லேப் மில் அழுத்தம் வேறு, பெரிய மில் அழுத்தம் வேறு. அதனால் லேப் மாவின் தண்ணீர் அளவும் பெரிய மில் மாவின் தண்ணீர் அளவும் ஒன்றாக இருக்காது. லேபிலேயே ரோல் இடைவெளி மெதுவாக நகர்ந்தால் ஈல்டு அவ்வளவாக மாறாமல் தண்ணீர் மட்டும் மாறும். இடைவெளியை இடது முனை, வலது முனை இரண்டிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் இறுகி மறு பக்கம் தளர்ந்திருந்தால் நடுவில் பார்க்கிறவருக்குச் சரியாகத் தெரியும். ரோல் சூடேறிய பிறகுள்ள நிலையும் குளிர்ந்த நிலையும் வேறு, எப்போது பார்த்தோம் என்று கூடவே எழுத வேண்டும்.

செக் கோதுமையின் மாவில் மாதம் ஒரு தடவை சிதைந்த ஸ்டார்ச் பாருங்கள் என்று உங்கள் மில்காரரிடம் சொல்லுங்கள். அவருக்கும் உதவும்.

சேலம்_லேப்

சில நாள் கழித்து எழுதுகிறேன். பையைக் கழற்றி எடை போட்டு ஓட்டிப் பார்த்தோம். ஐயா சொன்ன இடம்தான். மூன்றாவது ரிடக்ஷன் பாஸுக்குப் போகும் சைக்ளோனுக்கு அடியில் இருக்கும் ரப்பர் ஓரம் தேய்ந்து ஒரு பக்கம் மடங்கியிருந்தது. சில நாள் உட்காரும், சில நாள் உட்காராது, மெஷினைத் துடைத்து மாட்டும் விதத்தைப் பொறுத்து. விரலை வைத்தால் காற்று இழுப்பது தெரிந்தது. பைக்குள் இருந்த மாவு கையில் எடுத்தால் நைஸாக, வெள்ளையாக, அப்படியே மூன்றாம் ரிடக்ஷன் மாவு. புது ரப்பர் போட்டாயிற்று. இப்போது ஆறு மாவும் தனித்தனியாக எடை போடுகிறோம். மொத்தம் 98.5க்குக் கீழே இறங்கவில்லை.

ஈரப்பதப் பதிவுக் கருவி வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். செக் கோதுமைக்கு ஒரு லாட் ஒதுக்கிவிட்டேன். இரண்டு சந்தேகம். மெஷினுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும் பொருளை எப்படிக் கையாளுவது? இருபது நாள் எண் சேரும் வரை கொள்முதல் சாருக்கு என்ன பதில் சொல்வது?

ரோலர்மேஸ்திரி

கோதுமை விழுவது நின்றதிலிருந்து எத்தனை நிமிடம் ஓட்டி நிறுத்துவது என்று ஒன்றைத் தீர்மானித்து, எல்லாச் சாம்பிளுக்கும் அதையே வையுங்கள். கடிகாரம் பார்த்து. மெஷினைத் தட்டுவதானால் எல்லாச் சாம்பிளுக்கும் தட்டுங்கள். சாம்பிள் அளவைக் குறைக்காதீங்க. உள்ளே 20 கிராம் நின்றால் 2 கிலோவுக்கு ஒரு சதவீதம், 500 கிராமுக்கு நாலு சதவீதம். கடினக் கோதுமைக்கு அப்புறம் மென்மையான கோதுமை அரைப்பதானால் நடுவில் கொஞ்சம் அதே மென்மையான கோதுமையை ஓட்டித் தள்ளிவிட்டு அப்புறம் சாம்பிளைப் போடுங்கள்.

கொள்முதல்_பார்வை

அந்தச் சாருக்கு நான் சொல்கிறேன், நானும் அந்த நாற்காலிதான். இருபது நாள் பொறுக்கச் சொல்லுங்கள். அதுவரை ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்துக்கு விலை பேச வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். "எண் வரும், இவ்வளவுக்கு உள்ளே வந்தால் இரண்டு சரக்கும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று லேப் சொன்னால் வாங்கும் ஆளுக்கு அது பெரிய உதவி. எனக்கு யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. எண்ணை மட்டும்தான் கொடுத்தார்கள்.

இன்னொன்று, சாம்பிள் எடுப்பதையும் பாருங்கள். மூட்டை வாயருகே குத்தூசி போட்டு எடுத்ததும், உள்ளே ஆழமாகக் குத்தி எடுத்ததும் ஒன்றாக இருக்காது. ஒரு லாட்டைக் கையால் இரண்டாக அள்ளிப் பிரித்தால் சுருங்கிய மணி ஒரு பக்கம் சேர்ந்துவிடும். பிரிக்கும் கருவியில் போட்டுப் பிரியுங்கள். இல்லையென்றால் லேப் மேல் பழி வரும்.

கர்னால்_கதிர்

ஒரு யோசனை. இங்கே லேப் மில் வைத்திருப்பவர்கள் ஐந்தாறு பேராவது இருப்போம். ஒரே லாட்டைப் பிரித்து எல்லோருக்கும் அனுப்பி, அவரவர் முறையில் அரைத்து, மாவு, தவிடு, மொத்தம், ஆஷ், அறை ஈரப்பதம் எல்லாவற்றையும் இங்கே போட்டால் என்ன? யாருடையது உயர்ந்தது என்று பார்க்க அல்ல. ஒரே லேபுக்குள் ஆட்டம் எவ்வளவு, லேபுக்கு லேப் எவ்வளவு என்று தெரியும். 30 கிலோ நான் ஏற்பாடு செய்கிறேன், பிரிகருவியில் பிரித்து 5 கிலோ வீதம் தருகிறேன். இரண்டு அரைப்புக்குப் போதும், மீதி ஈரத்துக்கும் சூடேற்றவும்.

கிழக்குக்கரை

எனக்கும் ஒரு பங்கு.

கர்னால்_கதிர்

அண்ணை, கோதுமை மணியைக் கடல் கடந்து தபாலில் அனுப்ப முடியாது. 1931ல் முதன்முதலில் பதிவான ஒரு கரிப்பூட்டை நோய்க்கு எங்கள் ஊர்ப் பெயரே வைத்திருக்கிறார்கள், கர்னால் பண்ட் என்று. அதனால் பல நாடுகளில் இந்த மணிக்குக் கெடுபிடி. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் வேண்டாம். உங்களிடம் இருக்கும் ஒரு கப்பல் சரக்கில் அதே முறையில் இரண்டு நாள் அரைத்து எண்ணைப் போடுங்கள். லேபுக்குள் உள்ள ஆட்டத்தை அப்படியே ஒப்பிடலாம்.

கிழக்குக்கரை

சரி. வருகிற கிழமை தொடங்குகிறேன். திருத்தாத எண், திருத்திய எண் இரண்டையும் போடுகிறேன்.

சேலம்_லேப்

நான் 5 கிலோ எடுத்துக்கொள்கிறேன். வந்ததும் சாம்பிள் நம்பரை வேறு ஆளை விட்டு மாற்றி எழுதச் சொல்கிறேன், நானே எது எது என்று தெரியாமல் அரைக்கிறேன். எண்ணும் எழுத்தும் தோழி, முடிவுகளை எந்த அட்டவணையில் போட வேண்டும் என்று ஒரு மாதிரி போட்டுக் கொடுங்கள். மொத்தம் 98க்குக் கீழே வந்த அரைப்பையும் காரணத்தோடு அதில் எழுத ஒரு கட்டம் வேண்டும்.

எண்ணும்_எழுத்தும்

இன்று இரவு போடுகிறேன். அரைத்த தேதி, வரிசை எண், ரோல் சூடேறிய நேரம் மூன்றுக்கும் கட்டம் உண்டு. யாரும் காலியாக விட வேண்டாம்.